பள்ளிக்கு வெளியே படித்தவர்கள்: 2015-ல் நாம் இழந்தவர்கள்

2015 ஏப்ரல் 8-ம் தேதி சென்னையில் ஒரே நாளில் இரண்டு பேர் மறைந்தார்கள். ஒருவர் எழுத்தாளர் ஜெயகாந்தன். இன்னொருவர் இசைமுரசு நாகூர் ஹனிபா. ஒருவரை வாசித்தார்கள், மற்றவரை ஒலிபெருக்கியில் கேட்டார்கள். இருவரும் ஒரே மேடையில் நிற்கக்கூடியவர்கள் அல்லர். ஒருவர் கம்யூனிஸ்ட் கட்சி அலுவலகத்தில் வளர்ந்து, பிறகு காங்கிரஸ் மேடைகளில் திராவிட இயக்கத்தைக் கடுமையாகச் சாடியவர். மற்றவர் திராவிட இயக்கத்தின் குரலாகவே ஆயுள் முழுவதும் இருந்தவர். ஆனாலும் இருவருக்கும் பொதுவான ஒன்று உண்டு. இருவருமே தங்கள் தொழிலைப் பள்ளியிலோ கல்லூரியிலோ கற்றுக்கொள்ளவில்லை.

அந்த ஆண்டு தமிழ்நாடு இழந்தவர்களின் பெயர்களை வரிசையாக எழுதிப் பார்த்தால் இந்த ஒற்றுமைதான் முதலில் கண்ணில் படுகிறது. ஜூலை 14-ல் எம்.எஸ்.விஸ்வநாதன். ஜூலை 27-ல் அப்துல் கலாம். ஜூலை 31-ல் காந்தியவாதி சசிபெருமாள். அக்டோபர் 10-ல் மனோரமா. அதே அக்டோபரில் விமர்சகர் வெங்கட் சாமிநாதன். டிசம்பர் 1-ல் 'அமுதசுரபி' விக்கிரமன். இவர்களில் முறையான உயர்கல்வியின் வழியாக மேலே வந்தவர் என்று கலாமைத்தான் முதலில் சொல்ல முடியும். அவருக்கும் அந்தக் கல்வி எளிதில் கிடைத்துவிடவில்லை.

பத்து ஆண்டுகள் கழித்து இதைப் பற்றி எழுத வடக்குத்தில் உட்கார்ந்திருப்பதற்குக் காரணம் இருக்கிறது. சென்னையிலிருந்து கும்பகோணம் போகும் சாலையில், பண்ருட்டியைத் தாண்டி, நெய்வேலி ஆர்ச் கேட்டை ஒட்டியிருக்கும் ஊர் இது. ஆர்ச்சுக்கு உள்ளே போனால் நகரியம்: எண் போட்ட வட்டங்கள், மரம் அடர்ந்த நேர் சாலைகள், லிக்னைட் நிறுவனத்தின் குவார்ட்டர்ஸ். வெளியே முந்திரித் தோப்பு, செம்மண், கடைவீதி, ஒப்பந்தத் தொழிலாளர் வீடுகள், ஓய்வுபெற்றுக் குவார்ட்டர்ஸைக் காலி செய்தவர்கள் மனை வாங்கிக் கட்டிய வீடுகள். படித்தவனுக்கும் படிக்காதவனுக்கும் இடையே உள்ள தூரம் இங்கே ஒரு கேட் அளவுதான். ஆனால் அந்த கேட்டைத் தாண்ட என்ன சான்றிதழ் வேண்டும் என்பதுதான் இங்குள்ள ஒவ்வொரு வீட்டிலும் இரண்டு தலைமுறையாக நடக்கும் பேச்சு.

1956 நவம்பரில் நெய்வேலி லிக்னைட் கார்ப்பரேஷன் தொடங்கப்பட்டது. அடுத்த ஆண்டு மே மாதம் முதல் சுரங்கத்தை நேரு தொடங்கிவைத்தார். அன்றைக்கு இந்தச் சுற்றுவட்டாரத்தில் நிலம் கொடுத்தவர்களில் பலருக்கு எழுதப் படிக்கத் தெரியாது. அவர்களும் அவர்கள் பிள்ளைகளும்தான் பிறகு ஜெர்மனியிலிருந்து வந்த ராட்சத பக்கெட் வீல் இயந்திரங்களுக்கும், ரஷ்ய உதவியில் எழுந்த அனல்மின் நிலையத்துக்கும் ஆட்களானார்கள். கூட நின்று, பார்த்து, கை அழுக்காக்கிக் கற்றுக்கொண்டார்கள். 2015-ல் மறைந்தவர்கள் தங்கள் கலையைக் கற்றதும் அப்படித்தான். அதனால் அவர்களை இந்த ஊரிலிருந்து பார்க்கும்போது கூடுதலாகப் புரிகிறது.

கட்சி ஆபீஸ் என்ற பாடசாலை

ஜெயகாந்தன் எங்கள் மாவட்டத்துக்காரர். 1934 ஏப்ரல் 24-ல் கடலூர் மஞ்சக்குப்பத்தில் பிறந்தவர். ஐந்தாம் வகுப்போடு பள்ளி முடிந்துபோனது. விழுப்புரத்தில் மாமா வீடு. அங்கேதான் பாரதியும் கம்யூனிசமும் அறிமுகம். பன்னிரண்டு வயதை ஒட்டி சென்னையில் கம்யூனிஸ்ட் கட்சி அலுவலகத்துக்கு வந்து சேர்ந்தார். கட்சிப் பத்திரிகையான 'ஜனசக்தி'யின் அச்சுக்கூடத்தில் வேலை. தெருவில் பத்திரிகை விற்பது. மிச்ச நேரத்தில் ஜீவா போன்ற தலைவர்கள் பேசுவதைக் கேட்பது. அந்த அலுவலகத்தில் ரஷ்ய இலக்கியம் இருந்தது, சங்க இலக்கியம் பேசினார்கள், உலக அரசியல் விவாதித்தார்கள். ஒரு சிறுவனை மூலையில் உட்கார அனுமதித்தார்கள். அவனுடைய கேள்விகளுக்குப் பதிலும் சொன்னார்கள்.

கட்சி தடை செய்யப்பட்ட காலத்தில் தஞ்சாவூரில் ஒரு செருப்புக்கடையில் வேலை பார்த்தார். அப்படிப் பல வேலைகள். கம்போசிட்டராக எழுத்தைக் கையால் கோத்தவர், பிறகு எழுத்தாளராகவும் வந்தார். 'சரஸ்வதி' போன்ற சிறு இதழ்கள் முதலில் இடம் கொடுத்தன. பிறகு 'ஆனந்த விகடன்' அவரை லட்சக்கணக்கான வீடுகளுக்குக் கொண்டுபோனது. ரிக்‌ஷாக்காரரும் சேரிப் பெண்ணும் அக்ரகாரத்து விதவையும் ஒரே எழுத்தாளரின் கதைகளில் முழு மனிதர்களாக வந்தார்கள். 1965-ல் தன் நாவலைத் தானே 'உன்னைப்போல் ஒருவன்' என்று படமாக எடுத்தார். அதற்கு தேசிய விருது. 1972-ல் 'சில நேரங்களில் சில மனிதர்கள்' நாவலுக்கு சாகித்ய அகாதமி விருது. அகிலனுக்குப் பிறகு ஞானபீடம் பெற்ற அடுத்த தமிழ் எழுத்தாளர் அவர்தான்.

அவருடைய பிற்கால அரசியல் கருத்துகள் பலவற்றில் எனக்கு உடன்பாடு இல்லை. அவர் வாசகர்களிலேயே பலருக்கும் இல்லை. அதை அவர் பொருட்படுத்தியதாகவும் தெரியவில்லை. ஆனால் ஒன்றைச் சொல்ல வேண்டும். ஐந்தாம் வகுப்பு வரை படித்த ஒருவர், பட்டம் பெற்றவர்கள் நிறைந்த எந்த சபையிலும் குரலைத் தாழ்த்தாமல் பேசினார். அந்தத் தைரியம் வெறும் சுபாவம் அல்ல. சிறு வயதிலேயே பெரியவர்கள் தன்னைச் சமமாக நடத்திய ஓர் இடத்தில் அவர் வளர்ந்தார் என்பதும் அதில் இருக்கிறது.

நாகூர் ஹனிபாவுக்கு அந்த இடம் பொதுக்கூட்ட மேடை. முறையாகச் சங்கீதம் பயிலாதவர். சிறுவனாகவே நீதிக்கட்சி, பெரியார், அண்ணா கூட்டங்களுக்குப் போய்ப் பாடத் தொடங்கினார். தலைவர் வந்து சேரும்வரை கூட்டத்தைக் கலையாமல் வைத்திருக்க வேண்டும். அதற்கு மைக் இல்லாமலே கடைசி வரிசைக்குக் கேட்கும் தொண்டை வேண்டும். அந்தத் தேவையில் பண்பட்ட குரல் அது. அதே குரல் இஸ்லாமிய பக்திப் பாடல்களுக்கு வந்தபோது இந்து வீட்டு விசேஷங்களிலும் ஒலித்தது. தமிழ்நாட்டில் மைக் செட் வைத்திருந்த எந்தக் கடையிலும் அவருடைய இசைத்தட்டோ கேசட்டோ இல்லாமல் இருந்ததில்லை என்றே சொல்லலாம்.

ஜூலை மாதம்

அந்த ஜூலை நெய்வேலியில் மறக்க முடியாத மாதம். ஊதிய உயர்வு கேட்டு நிரந்தரத் தொழிலாளர்கள் காலவரையற்ற வேலைநிறுத்தத்தில் இறங்கினார்கள். அது ஒரு மாதத்துக்கும் மேல் நீண்டது. ஆர்ச் கேட் பக்கம் ஷிப்ட் நேரத்து நெரிசல் இல்லை. கடைகளில் கணக்கு நோட்டு தடித்துக்கொண்டே போனது. அந்த மாதத்தில்தான் இரண்டு வாரத்துக்குள் எம்.எஸ்.வி.யும் கலாமும் போனார்கள்.

விஸ்வநாதன் 1928 ஜூன் 24-ல் பாலக்காடு அருகே எலப்புள்ளியில் பிறந்தவர். தந்தையைச் சிறு வயதிலேயே இழந்தார். கண்ணூரில் தாத்தா வீட்டில் வளர்ந்தபோது சினிமா கொட்டகையில் தின்பண்டம் விற்றிருக்கிறார். நீலகண்ட பாகவதரிடம் பாடம் கேட்டார். நடிகனாகும் ஆசையில் ஜுபிடர் பிக்சர்ஸுக்கு வந்தவருக்குக் கிடைத்தது எடுபிடி வேலை. ஆர்மோனியம் இருந்த அறைக்கு வெளியே நின்று கேட்டதுதான் அவருடைய அடுத்த கட்டப் படிப்பு. அங்கே இசையமைப்பாளர் எஸ்.எம்.சுப்பையா நாயுடு. யாரும் இல்லாதபோது இந்தப் பையன் ஆர்மோனியத்தில் போட்ட மெட்டு ஒன்று நாயுடுவின் பெயரிலேயே படத்தில் வந்தது என்றும், பிறகு ஜுபிடர் சென்னைக்கு மாறியபோது அது பையனுடைய மெட்டு என்று நாயுடுவே முதலாளியிடம் சொல்லி அவனைக் கைதூக்கிவிட்டார் என்றும் திரையுலகில் பலமுறை சொல்லியிருக்கிறார்கள். நாயுடுவின் கடைசிக் காலத்தில் அவரைத் தன் வீட்டில் வைத்துப் பார்த்துக்கொண்டு, மகனைப் போல ஈமக்கடன் செய்தவர் விஸ்வநாதன்.

சென்னையில் சி.ஆர்.சுப்பராமனின் குழு. 1952-ல் சுப்பராமன் இளம் வயதிலேயே இறந்தபோது அவர் முடிக்காமல் விட்ட படங்களின் பொறுப்பு அவருடைய உதவியாளர்களுக்கு வந்தது. அப்படிச் சேர்ந்தவர்கள்தான் விஸ்வநாதன்–ராமமூர்த்தி. அதே ஆண்டு என்.எஸ்.கிருஷ்ணன் தன் 'பணம்' படத்தை இருவரிடமும் கொடுத்தார். 1965 வரை இருவரும் சேர்ந்து போட்ட பாடல்களைத் தமிழர்களுக்கு அறிமுகம் செய்ய வேண்டியதில்லை.

ஆனால் எம்.எஸ்.வி.யின் இசையிலேயே அதிகம் பேர் பாடியது சினிமாப் பாட்டு அல்ல. மனோன்மணீயம் சுந்தரனாரின் தமிழ்த்தாய் வாழ்த்துக்கு மோகன ராகத்தில் அவர் அமைத்த மெட்டு. 1970-ல் அரசு விழாக்களுக்கும் பள்ளிகளுக்கும் அது வந்தது. வடக்குத்து அரசுப் பள்ளியிலும் ஆர்ச்சுக்கு உள்ளே இருக்கும் பள்ளிகளிலும் காலையில் அணிவகுத்து நிற்கும் பிள்ளைகள் எல்லோரும் பாடுவது, பள்ளிப் படிப்பு வாய்க்காத ஒருவர் போட்ட மெட்டைத்தான். பாடத்தில் கவிஞரின் பெயரைச் சொல்லிக்கொடுக்கிறோம். மெட்டமைத்தவர் பெயரையும் அவர் கதையையும் ஒரு நாளாவது பிரார்த்தனைக் கூட்டத்தில் ஆசிரியர்கள் சொல்ல வேண்டும் என்று எனக்கு ஆசை.

கலாமைப் பற்றி எழுதிக் குவித்தாகிவிட்டது. ராமேஸ்வரம் படகுக்காரர் மகன், இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் ரயிலிலிருந்து வீசப்பட்ட செய்தித்தாள் கட்டுகளைப் பொறுக்கிக் கொடுத்த சிறுவன் என்பதெல்லாம் எல்லாப் பேச்சுப்போட்டியிலும் வருகிறது. நான் திரும்பத் திரும்ப நினைப்பது அவருடைய அக்கா ஜொஹராவை. குரோம்பேட்டை எம்.ஐ.டி.யில் இடம் கிடைத்தது, கட்டணத்துக்கு ஏறக்குறைய ஆயிரம் ரூபாய் வேண்டும், வீட்டில் இல்லை. அக்கா தன் வளையலையும் சங்கிலியையும் அடகு வைத்தார். இந்தியாவின் ஏவுகணைத் திட்டங்களின் வரலாற்றில் அந்த அடகுச் சீட்டுக்கும் இடம் உண்டு. இன்றும் வடக்குத்தில் செமஸ்டர் கட்டணத்துக்கு நகை அடகுக் கடைக்குப் போகும் அக்காக்களும் அம்மாக்களும் இருக்கிறார்கள். அந்தச் சுமை ஒரு குடும்பத்தின் பெண்கள் மேல் விழும் வழக்கம் மட்டும் அப்படியே நீடிக்கிறது.

விமானப்படைத் தேர்வில் எட்டு இடங்களுக்கு ஒன்பதாவதாக வந்து அவர் தோற்றதும், 1980 ஜூலை 18-ல் எஸ்.எல்.வி-3 ரோகிணியைச் சுற்றுப்பாதையில் வைத்ததும் ஒரே வாழ்க்கையின் இரண்டு முனைகள். கடைசி நாளில் ஷில்லாங் ஐ.ஐ.எம். மாணவர்களிடம் அவர் பேசத் தொடங்கியிருந்த பொருள், பூமியை வாழத்தக்கதாக வைத்திருப்பது பற்றியது. நிலக்கரி எரித்து மின்சாரம் எடுக்கும் ஊருக்கு அந்தப் பேச்சு முழுவதுமாகக் கிடைத்திருக்க வேண்டும். சில நிமிடங்களில் சரிந்து விழுந்தார். ஜூலை 30-ல் ராமேஸ்வரம் பேக்கரும்பில் அடக்கம்.

மறுநாள் குமரி மாவட்டம் உண்ணாமலைக்கடையில், டாஸ்மாக் கடையை அகற்றக் கோரி செல்போன் கோபுரத்தில் ஏறிய சசிபெருமாள் இறந்தார். சேலம் மாவட்டத்துக்காரர். ஆண்டுக்கணக்கில் உண்ணாவிரதம் இருந்து, காலில் விழுந்து, நடைப்பயணம் போய் மதுவிலக்குக் கேட்ட மனிதர். தொலைக்காட்சிகளில் கலாமுக்கான அஞ்சலி ஓடிக்கொண்டிருந்த நேரத்தில் அவர் மரணம் வந்தது. ஆனால் அடுத்த சில வாரங்களில் மாநிலம் முழுக்க மாணவர்களும் பெண்களும் மதுக்கடைகள் முன் திரண்டதற்கு அதுவே தீப்பொறி. நாட்கூலி வாங்கிய கையோடு குடும்பத் தலைவன் எந்தப் பக்கம் திரும்புகிறான் என்று பயந்து காத்திருக்கும் வீடுகள் உள்ள எங்கள் தெருக்களில் அவரைக் கலாமுக்குக் குறைவாக எண்ண யாருக்கும் மனம் வராது.

பள்ளத்தூர் மேடையிலிருந்து

மனோரமாவின் இயற்பெயர் கோபிசாந்தா. 1937 மே 26-ல் மன்னார்குடியில் பிறந்தார். தந்தை கைவிட்ட பின் தாய் கைக்குழந்தையோடு செட்டிநாட்டுப் பள்ளத்தூருக்கு வந்து வீட்டு வேலை செய்து பிழைத்தார். மகளின் படிப்பு ஆறாம் வகுப்போடு நின்றது. பன்னிரண்டு வயதில் நாடகம். மனோரமா என்பது நாடகக்காரர்கள் வைத்த பெயர். எஸ்.எஸ்.ராஜேந்திரன் நாடகக் குழுவில் வளர்ந்து, 1958-ல் கண்ணதாசனின் 'மாலையிட்ட மங்கை' வழியாகத் திரைக்கு வந்தார்.

ஆயிரத்துக்கும் மேற்பட்ட படங்கள், கின்னஸ் புத்தகம், ஐந்து முதலமைச்சர்களோடு நடித்தவர் என்ற செய்திகள் எல்லோருக்கும் தெரியும். அண்ணா, கருணாநிதியுடன் மேடையில், எம்.ஜி.ஆர்., ஜெயலலிதா, என்.டி.ஆர். ஆகியோருடன் திரையில். என்னை அசத்துவது அவருடைய காது. சென்னைத் தமிழ், கொங்குத் தமிழ், நெல்லைத் தமிழ், செட்டிநாட்டு ஆச்சியின் பேச்சு என எதை எடுத்தாலும் அந்த ஊர்க்காரர்கள் குறை சொல்ல முடியாது. ஊர் ஊராகக் கொட்டகை போட்ட நாடக வாழ்க்கை சேர்த்துக்கொடுத்த சொத்து அது. 'தில்லானா மோகனாம்பா'ளில் ஜில் ஜில் ரமாமணியாக, சிவாஜியும் பத்மினியும் இருக்கும் படத்தில் கொஞ்ச நேரமே வந்து, படத்தை நினைத்தாலே முதலில் நினைவுக்கு வரும் முகமாகிவிட்டார். 'புதிய பாதை'க்காகத் துணை நடிகைக்கான தேசிய விருது பெற்றார். கதாநாயகனைச் சுற்றியே எழுதப்பட்ட ஒரு திரையுலகில், நகைச்சுவை செய்யும் பெண்ணாக அரை நூற்றாண்டுக்கு மேல் நின்றதை நாம் இன்னும் சரியாக எடைபோடவில்லை.

அவர் பிறந்த மன்னார்குடிப் பக்கத்துக் கிராமங்களில் அதே ஆண்டு மார்ச் மாதம் வேறொருவருக்கும் கண்ணீர் அஞ்சலி பேனர் வைத்தார்கள். மார்ச் 23-ல் இறந்த சிங்கப்பூரின் முதல் பிரதமர் லீ குவான் யூ. வீட்டுக்கு ஒருவர் அங்கே வேலைக்குப் போய் அனுப்பிய பணத்தில் எழுந்த ஊர்களின் நன்றி அது.

உலகம் முழுக்கவும் அந்த ஆண்டு இப்படியே இருந்தது. ஏப்ரல் 13 ஒரே நாளில் ஜெர்மனிய எழுத்தாளர் குந்தர் கிராஸும் உருகுவே எழுத்தாளர் எடுவார்டோ கலியானோவும் போனார்கள். அதற்கு முன், ஜனவரி 26 குடியரசு நாளன்று, புனேயில் கார்ட்டூனிஸ்ட் ஆர்.கே.லக்ஷ்மண். மைசூர்த் தமிழ்க் குடும்பத்தில் பிறந்த அவரை மும்பை ஜே.ஜே. ஓவியப் பள்ளி தகுதியில்லை என்று திருப்பி அனுப்பியது. பத்திரிகை அலுவலகம்தான் அவரை ஏற்றுக்கொண்டது. அவருடைய கார்ட்டூன்களில் வரும், கட்டம் போட்ட கோட்டு அணிந்த சாமானியன் அங்கேதான் பிறந்தான்.

அந்தக் காலமே பொற்காலம் என்று நான் சொல்லவில்லை. பன்னிரண்டு வயதில் ஒரு பெண் நாடகத்துக்கு வந்தது பசியால். தின்பண்டத் தட்டு ஏந்திய சிறுவர்களில் ஒருவர்தான் எம்.எஸ்.வி. ஆனார், மற்றவர்கள் பெயர் நமக்குத் தெரியாது. பிள்ளைகள் எல்லோரும் பள்ளியில் இருப்பதுதான் சரி, அதில் தமிழ்நாடு செய்திருப்பது பெரிய காரியம். நான் சொல்வது வேறு. நாடகக் குழு, கட்சி அலுவலகம், பொதுக்கூட்ட மேடை, ஸ்டூடியோ, பத்திரிகை அலுவலகம் என்று சான்றிதழ் கேட்காமல் ஆளைப் பார்த்து உள்ளே விட்ட இடங்கள் அப்போது இருந்தன. உள்ளே வந்தவனுக்குச் சொல்லிக்கொடுக்கப் பெரியவர்களும் இருந்தார்கள். இன்றைக்கு நெய்வேலியில் ஐ.டி.ஐ. முடித்து, அப்ரண்டிஸும் முடித்து, நிரந்தர வேலை கேட்டு ஆண்டுக்கணக்கில் போராடும் இளைஞர்கள் இருக்கிறார்கள். கையில் சான்றிதழ் இருக்கிறது; உள்ளே வா என்று சொல்லும் ஆள்தான் இல்லை.

மழையில் போனவர்கள்

அந்த ஆண்டின் கடைசிப் பகுதி மழையோடு வந்தது. நவம்பர் இரண்டாம் வாரத்தில் நெய்வேலியில் ஒரே நாளில் 40 சென்டிமீட்டருக்கு மேல் கொட்டியது. சுரங்கங்களில் தண்ணீர் புகுந்தது. விசூர், பெரியகாட்டுப்பாளையம் பக்கம் ஓடையில் திடீரென வந்த வெள்ளம் வீடுகளையும் மனிதர்களையும் அடித்துக்கொண்டு போனது. கூலி வேலைக்குப் போய் வரும் குடும்பங்கள். மாவட்டம் முழுக்க நெல்லும் வாழையும் நீரில் கிடந்தன.

டிசம்பர் 1-ல் சென்னை மூழ்கியது. அன்றைக்குத்தான் விக்கிரமன் மறைந்தார். மறுநாள் ஊழியர்கள் அச்சகத்துக்குப் போய்ச் சேர முடியாமல் சென்னையில் 'தி இந்து' ஆங்கில நாளிதழ் அச்சாகவில்லை. 1878-ல் தொடங்கியது முதல் அப்படி நடந்ததில்லை. மின்சாரமும் தொலைபேசியும் இல்லாத அந்த நாட்களில் ஒரு மூத்த பத்திரிகை ஆசிரியரின் மறைவுச் செய்தி உரிய அளவில் யாருக்கும் போய்ச் சேரவில்லை. மற்ற எல்லோருக்கும் தலையங்கமும் சிறப்பிதழும் வந்தன. அவருக்கு வரவில்லை.

அதனால் இங்கே சில வரிகள். வேம்பு என்ற இயற்பெயர் கொண்ட அவர் 1928-ல் பிறந்தவர். 'அமுதசுரபி' மாத இதழை அரை நூற்றாண்டுக்கும் மேல் நடத்தினார். 'பொன்னியின் செல்வ'னில் கல்கி விட்ட இடத்திலிருந்து சோழர் கதையைத் தொடர்ந்து 'நந்திபுரத்து நாயகி' எழுதினார். பிற வரலாற்று நாவல்களும் உண்டு. ஆசிரியராக அவர் செய்த வேலையின் அளவு அவற்றைவிடப் பெரியது. எங்கோ ஒரு சிற்றூரிலிருந்து தபாலில் வரும் கதையை, அனுப்பியவர் யார், என்ன படித்தவர் என்று பார்க்காமல் படித்து, இடம் கொடுத்தார். அப்படி அச்சில் வந்த முதல் கதையோடு எழுத்தாளரானவர்கள் தமிழில் பலர். 'அமுதசுரபி' இப்போதும் வந்துகொண்டிருக்கிறது.